வீண்வேலை என்றவர்களுக்கு

ஆய்வேட்டை முடிக்காமல் வலைத்தளம் கட்டி விளையாடுகிறாயே என்று கடிந்துகொண்ட பேராசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் இரண்டு ஆண்டுகள் கழித்து விடை சொல்கிறேன்.

திராவிட மொழிச் சொற்களை ஒப்பிட்டுக் காட்டும் சிறு தளம் அது. ஐதராபாத் விடுதி அறையில் விடுமுறை நாள்களில் கட்டியது. தமிழின் ‘செவி’, கன்னடத்தின் ‘கிவி’ எனச் சொற்களைத் தொகுத்து, தமிழ்ச் சொற்களை அகரவரிசையில் அடுக்குமாறு கணினியைப் பணித்தேன். ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னே வந்து நின்றன. றகரம் ரகரத்தை ஒட்டிக்கொண்டது. ‘க்’ என்னும் மெய், ‘கௌ’வுக்கும் பின்னே போயிற்று. யூனிகோடின் தமிழ்க் குறியெண் வரிசை, இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே சட்டகம் வகுத்த 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைத் தழுவியது. குறியெண்ணை மட்டும் நம்பினால் நம் நெடுங்கணக்கு குலையும்; அதைத் தனியே கற்பித்தாக வேண்டும். முதுகலை வகுப்பில் எவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

இதழ்க் கட்டுரைக்கு மதிப்பெண் தரும் துறைகள், எவரும் திறந்து பயன்கொள்ளும் சொற்றொகுதிக்கு ஏதும் தருவதில்லை. அவ்வுழைப்பைப் பொழுதுபோக்கென ஒதுக்கிவிட்டு, தமிழுக்குக் கணினித் தரவு போதவில்லை என்று கருத்தரங்குகளில் வருந்துவது நேர்மையன்று. தளம் கட்டும் மாணவரிடம் இனி ‘எதற்கு?’ என்று கேளாதீர். ‘வரிசை சரியாக வந்ததா?’ என்று கேளுங்கள்.