கொல்லையில் ஒரு பாத்தி

ஆடி மாதம் பிறந்துவிட்டது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று முன்னோர் சொல்லிவைத்ததை உழவர் பெருமக்களுக்கு மட்டுமே உரிய அறிவுரையாக நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கொல்லையில் 10 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட இடம் கால் சென்டுக்கும் சற்றுக் குறைவு. அதற்கும் இப்பட்டம் பொருந்தும். கொல்லை இல்லாதோர்க்கு மொட்டைமாடியும் பழைய சாக்குப் பைகளும் இருக்கின்றன.

முதன்முறையாகத் தோட்டம் போடும் குடும்பத்தினர் கீரையில் தொடங்குவது நலம். சிறுவர்க்குப் பொறுமை குறைவு. முளைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவி, பூவாளியால் நீர் தெளித்துவந்தால், சில நாள்களிலேயே பாத்தியில் பசுமை தெரியும். 25 நாள் அளவில் பறித்துவிடலாம். தட்டில் வைத்த கீரையைத் தொடாத பிள்ளை, தான் நீர் ஊற்றிய கீரையை விரும்பி உண்பதாகத் தாய்மார் சிலர் நம்மிடம் கூறியதுண்டு. எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு மனம் மாறுவர் என்று நாம் உறுதி கூற மாட்டோம்! வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். அதனை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிடில் நாராகிவிடும்.

பரங்கிக் கொடிதான் வீட்டாரை மிகவும் கலங்கச் செய்வது. கொடி நிறையப் பூக்கும். பூத்த பூவெல்லாம் உதிரும். யாரோ கண்ணேறு பட்டுவிட்டதென்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மை வேறு. கொடியில் முதலில் மலர்பவை ஆண் பூக்கள். அவை உதிர்வதே இயல்பு. சில நாள் கழித்து வரும் பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். தேனீயின் வரவு குறைந்துபோன நகர்ப்புறங்களில் அப்பிஞ்சும் மஞ்சளித்து விழுந்துவிடுகிறது. பூ விரிந்த காலையில், வெயில் ஏறுமுன், ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் களைந்து, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவிவிட வேண்டும். இப்பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். தாங்கள் தொட்ட பிஞ்சு பருக்கிறதா என்று பார்க்க, மறுநாள் எழுப்பாமலே எழுந்துவிடுவர்.

பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் மாற்றும் இப்பணியைத்தான் கிரகோர் மெண்டல் என்னும் அகுஸ்தினார் சபைத் துறவி, இன்று செக் நாட்டிலுள்ள புர்னோ நகரத்து மடத்தின் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளில் செய்துவந்தார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் இணைத்தபோது முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே வளர்ந்தது. அவற்றின் விதையை விதைத்தபோதோ ஏறத்தாழ நான்கில் ஒன்று குட்டையாயிற்று. கடைகளில் விற்கும் வீரிய ஒட்டு விதையில் விளைந்த காயிலிருந்து விதை எடுத்தால், அடுத்த ஆண்டு தாய்ச்செடியைப் போல் வராததன் காரணம் இதுவே. ஆகவே வாங்கும்போதே நாட்டு விதையாகக் கேட்டு வாங்குங்கள்.

விதைக்கு விடுவதென்பது சிறிய காரியமன்று. நம் பாட்டிமார் திரட்சியான காய் ஒன்றில் துணிக் கிழிசலைக் கட்டிவிடுவர். அது கொடியிலேயே முற்ற வேண்டும், எவரும் தொடலாகாது. கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பர். சுரை, பரங்கி விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பி உலர்த்துவர். காய்கறி விலை ஏறிக்கிடக்கும் நாளில் அந்த ஒரு காயை அரியாமல் விட்டுவைக்க உள்ளவுறுதி வேண்டும்.

நமக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவர், மருமகளாய்ப் புகுந்தபோது தாய்வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து வந்தது ஒரு பந்தல் அவரை. ஆடியில் ஊன்றினால், கிறிஸ்து பிறப்புவிழாக் காலத்தில் ஊதா விளிம்போடு கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். ஊர் வீட்டை விட்டு மகனுடைய நகரத்து மாடி வீட்டிற்கு அவர் வந்தபின், மூன்று ஆண்டுகள் அவ்விதை டப்பாவிலேயே கிடந்தது. சென்ற ஆடியில் பேத்தி அதனைத் திறந்தபோது, பெரும்பாலானவற்றை வண்டு துளைத்திருந்தது. ஓட்டையில்லாமல் எஞ்சியவை பதினொன்று. "எல்லாத்தையும் ஒரே நாள்ல ஊனிடாதடி, பாதியை வச்சிரு" என்றாராம் பாட்டி. முதல் ஆறில் ஒன்றும் எழவில்லை. பத்து நாள் கழித்து ஊன்றிய ஐந்தில் இரண்டு முளைத்தன. ஒன்றை நத்தை தின்றது. மற்றொன்று துணி காயப்போடும் கம்பியைப் பற்றிக்கொண்டு படர்ந்து, மார்கழியில் காய்த்தது. அசுவினி மொய்த்த நுனிகளில் பாட்டியும் பேத்தியும் காலைதோறும் சாம்பல் தூவினர்.

அவ்வாண்டு அவ்வீட்டில் அவரைப் பொரியல் சமைக்கவில்லை. மருமகள் ஒருநாள் பிஞ்சாய் நான்கு பறிக்கக் கை நீட்ட, "இந்த வருசம் வேணாம்மா" என்று பாட்டி தடுத்துவிட்டார். காய்கள் கொடியிலேயே உலர்ந்து, காற்றடித்தால் கலகலக்கும்வரை விட்டுவைத்தார்கள். உரித்து எண்ணியதில் 140 விதைகள் தேறின. அவற்றில் இருபதைத் தாளில் மடித்துப் பேத்தி நம்மிடம் தந்து சென்றாள். இந்த வாரம் ஊன்ற இருக்கிறோம், பாதியை மட்டும்.