இரும்புச் சுருள் செய்த குற்றம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை நம் தங்கை தன் மகனைக் கையோடு இழைத்துக்கொண்டு வந்தாள். பையனுடைய கையில் டார்ச் விளக்கு போன்ற ஓர் அலுமினியக் குழல் இருந்தது. "அண்ணா! தீபாவளிப் பணம், பிறந்தநாள் பணம் எல்லாம் இதிலே போயிற்று. போதாததற்குக் கண்ணையும் கெடுத்துக்கொண்டு விடுவானோ என்று பயமாயிருக்கிறது. நீங்களாவது சொல்லுங்கள்" என்றாள். பையனோ, "மாமா! இரண்டாவது டயோடும் போய்விட்டது. ஏன் போயிற்று என்று மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றான்.

தாயாருடைய கேள்வியும் நியாயம், மகனுடைய கேள்வியும் நியாயம். எனவே இரண்டையும் எடுத்துக்கொண்டோம்.

குழலில் இருந்தது நீல லேஸர். 1960-ம் வருஷம் மே 16-ந் தேதி அமெரிக்காவில் மெய்மன் என்பவர் கெம்புக்கல் ஒன்றிலிருந்து முதன்முதலாக லேஸர் கதிரை வரவழைத்தார். இரண்டே வருஷத்தில், 1962-ல், ராபர்ட் ஹால் என்பவர் அதையே கடுகளவான குறைகடத்தித் துண்டிலிருந்து வரவழைத்துக் காட்டினார். நீலக் கதிர் வருவதற்கு இன்னும் பல வருஷங்கள் ஆயின. 2010-ல் காஸியோ கம்பெனியார் நீல லேஸர் டயோடுகளை வைத்துப் படம் காட்டும் யந்திரங்களை வெளியிட்டதும், பொழுதுபோக்காக இத்தகைய வேலை செய்கிறவர்கள் அந்த யந்திரங்களைப் பிரித்து டயோடுகளைக் கழற்றிக் கைக்குழலில் பொருத்த ஆரம்பித்தார்கள். நம் மருமகப்பிள்ளையும் அந்தப் பரம்பரையில் சேர்ந்தவன்தான்.

லேஸர் டயோடை நேரே பாட்டரியில் இணைக்கக் கூடாது. அது சூடேறச் சூடேற அதன் வோல்ட் தேவை குறையும். அதே வோல்ட்டில் மேலும் மேலும் மின்சாரத்தை இழுத்து, தானே தன்னை எரித்துக்கொள்ளும். ஆகையால் இன்ன அளவு மின்சாரம்தான் என்று கண்டிப்பாக அளந்து கொடுக்க நடுவில் ஒரு சிறு பலகை வேண்டும். இதற்கு 'டிரைவர்' என்று பெயர். (மோட்டார் டிரைவர் வண்டியை விட்டால் வண்டி போகும் கதியும், இந்த டிரைவர் கைவிட்டால் டயோடு போகும் கதியும் ஒன்றுதான்.)

பையனுடைய டிரைவர் டயோடுக்குக் கொடுக்க வேண்டியது 2 ஆம்பியர். டயோடு கேட்கும் அழுத்தம் சுமார் 4.5 வோல்ட். ஆக 9 வாட். ஆனால் குழலில் இருப்பது ஒரே ஒரு லிதியம் பாட்டரி. அதன் அழுத்தம் சராசரி 3.7 வோல்ட். டிரைவர் அழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கிறது. ஏற்றுகிற வேலையில் கொஞ்சம் உஷ்ணமாய் விரயமாவதையும் சேர்த்தால் பாட்டரியிலிருந்து பத்தரை வாட் வரையில் எடுக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 3 ஆம்பியர். வெளியே போவது 2, உள்ளே வருவது 3! வீட்டில் லேஸர் செய்கிறவர்கள் பெரும்பாலும் மறந்து போவது இந்தக் கணக்கைத்தான்.

"இது எப்படிக் கெட்டது?" என்று கேட்டோம்.

"முதலில் இரண்டு மூன்று விநாடி நன்றாக எரியும், மாமா. பிறகு அணைந்து அணைந்து எரியும். பாட்டரியை மாற்றினால் கொஞ்ச நாழிகை சரியாயிருக்கும். பாட்டரி தரக்குறைவு என்று நினைத்து இரண்டு தடவை வேறு வாங்கினேன்."

பாட்டரி நிரபராதி. குழலின் அடி மூடியில் ஓர் இரும்புச் சுருள் இருந்தது. அரை ஆம்பியர் டார்ச் விளக்குக்காகச் செய்த சுருள் அது. டயோடைக் கழற்றிவிட்டு, அதன் ஸ்தானத்தில் மூன்று சாதாரண 3 ஆம்பியர் சிலிக்கன் டயோடுகளையும், 10 வாட் தாங்கக்கூடிய 1 ஓம் தடை ஒன்றையும் வரிசையாகச் சேர்த்தோம். இதைப் 'போலிச் சுமை' என்பார்கள். 1 ஓம் தடையின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால், எத்தனை வோல்ட் காட்டுகிறதோ அத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். கண்ணுக்கும் அபாயமில்லை, டயோடுக்கும் செலவில்லை. முதலிலேயே இதைச் செய்திருந்தால் பையனுக்கு இரண்டு டயோடுகள் மிஞ்சியிருக்கும்.

மீட்டர் 2 வோல்ட் காட்டியது, சில விநாடிகளில் பூஜ்யம், மறுபடியும் 2. பிறகு மீட்டரைச் சுருளின் இரு முனைகளுக்கும் மாற்றினோம். 0.4 வோல்ட்! பாட்டரி கொடுத்ததில் அவ்வளவும் சுருளிலேயே தொலைந்துகொண்டிருந்தது. 3 ஆம்பியரில் அது ஒரு வாட்டுக்கு மேற்பட்ட உஷ்ணம். விரலால் தொட முடியவில்லை.

இனிமேல் நடப்பதைக் கவனியுங்கள். டிரைவருக்கு வந்து சேரும் அழுத்தம் குறைகிறது. ஆனால் 9 வாட் கொடுத்தே தீருவேன் என்று விரதம் பூண்ட டிரைவர், குறைந்த வோல்ட்டை ஈடுசெய்ய அதிக ஆம்பியரை இழுக்கிறது. அதனால் சுருளில் நஷ்டம் இன்னும் ஏறுகிறது; அழுத்தம் இன்னும் இறங்குகிறது. கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்கின குடும்பம் மாதிரிதான். கடைசியில் குறைந்தபட்ச வோல்ட்டுக்குக் கீழே போனதும் டிரைவர் அணைந்து விடுகிறது. பளு நீங்கின பாட்டரி தலை தூக்குகிறது. டிரைவர் மறுபடி எழுந்திருக்கிறது. அணைந்து எரிவதன் ரகசியம் இதுவே.

பரிகாரம் மிகவும் சுலபம். சுருளின் அடியிலிருந்து நுனி வரையில் மெல்லிய பல இழைச் செப்புக் கம்பி ஒன்றைப் பற்றவைத்தோம். சுருள் அழுத்துகிற வேலையை மட்டும் பார்த்துக்கொண்டது. மின்சாரம் செப்பின் வழியே போயிற்று. நஷ்டம் 0.05 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஸ்விட்சையும் அளந்து பார்த்தோம், அதில் குற்றமில்லை.

சரி, டயோடுகள் இறந்தது எதனால்? முதல் டயோடை, டிரைவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேஜைமேல் வைத்துத் தொட்டு இணைத்தானாம். சுமை இல்லாத டிரைவர் 'மின்சாரம் ஓடவில்லையே' என்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், தன் மின்தேக்கியை நிரப்பி வைத்திருக்கும். தொட்ட க்ஷணத்தில் அவ்வளவும் டயோடுக்குள் பாய்ந்துவிடும். இரண்டாவது டயோடு வந்த கம்பியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். ஈயப்பற்று மயிரிழை போல் விரிந்திருந்தது. குழல் அசையும்போதெல்லாம் விட்டு விட்டு ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே பாய்ச்சல்தான்.

"ஆனால் அது இன்னும் நீலமாக மினுக்குகிறதே, மாமா!"

மினுக்கும். லேஸரின் உயிர் அந்தத் துண்டின் இரு முனைகளிலும் உள்ள கண்ணாடிப் பரப்புகளில் இருக்கிறது. அளவு மீறிய பாய்ச்சலில் தன் ஒளியே அந்தப் பரப்பைச் சுட்டுவிடும். பிறகு அது வெறும் நீல விளக்கு, கதிராகாது.

மற்றொன்றையும் சோதித்தோம். சில டிரைவர்கள் மின்சாரத்தை அளக்கும் சிறு தடையை டயோடின் எதிர்முனைக்குக் கீழே வைத்திருக்கும். டயோடின் அந்தக் கால், பாட்டரியின் எதிர்முனையான குழலில் எங்காவது உராய்ந்தால், மின்சாரம் அளவுகோலைத் தாண்டிக் குறுக்கு வழியில் போய்விடும். அளக்கிறவனுக்குக் கண் தெரியாது. பையனுடைய குழலில் அந்தத் தோஷம் இல்லை.

நிற்க, தாயாருடைய கேள்விக்கு வருவோம். அவள் பயந்தது சரியே. அமெரிக்காவில் சுட்டுக்கோலாக விற்கும் லேஸருக்கு 5 மில்லிவாட் எல்லை. இந்தக் குழல் தருவதோ ஆயிரம் மில்லிவாட்டுக்கு மேல். அரை வாட்டுக்கு மேற்பட்டது நாலாம் வகுப்பு. அருகிலுள்ள சுவரில் பட்ட புள்ளியைப் பார்ப்பதுகூடக் கண்ணுக்குக் கெடுதல். இமை மூடக் கால் விநாடி ஆகும். அதற்குள் விழித்திரை வெந்துவிடும். ஆகாய விமானத்தின்மேல் அடிப்பதோ குற்றம். இங்கிலாந்தில் 2018-ம் வருஷத்துச் சட்டப்படி ஐந்து வருஷம் வரையில் சிறை.

பையனிடம் ஒரு நிபந்தனை சொன்னோம். 445 நானோமீட்டர் ஒளிக்கென்று செய்த, ஒளியடர்வு எண் 4-க்குக் குறையாத கண்ணாடி வாங்க வேண்டும். அறையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒன்று. வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி உதவாது. முகம் சுளித்தான்; ஒப்புக்கொண்டான்.

போலிச் சுமையில் டிரைவர் பத்து நிமிஷம் 2 ஆம்பியரிலேயே அசையாமல் நின்றது. மூன்றாவது டயோடு வந்துவிட்டது. கண்ணாடி இன்னும் வரவில்லை. டயோடு நம் மேஜை அறையில் பூட்டிக் கிடக்கிறது. சாவி அவன் தாயாரிடம்.