எந்தத் தளத்தில் உறங்குகிறீர்கள்?

நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் நோயாளரிடம் முதலில் கேட்கப்படுவது, “புகைபிடிப்பீர்களா?” என்பதே. மருத்துவர் கேட்கிறார், உறவினர் கேட்கின்றனர், அயலவரும் கேட்கின்றனர். வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொடாத தாய்மார் அக்கேள்வியின்முன் குற்றவாளிபோல் தலைகுனிந்து அமர்ந்திருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். அதனோடு இன்னொரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து: “வீட்டில் எந்தத் தளத்தில் உறங்குகிறீர்கள்?”

காரணம் ரேடன். மண்ணிலும் பாறையிலும் இயற்கையாக உள்ள யுரேனியம் சிதைவதால் உருவாகும் கதிரியக்க வாயு அது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. திறந்த வெளியில் காற்றோடு கலந்து ஐதாகிவிடும். வீட்டினுள்ளோ, அத்திவாரத்தின் வெடிப்புகள் வழியாகவும் குழாய்கள் நுழையும் இடைவெளிகள் வழியாகவும் புகுந்து தேங்கும். கனடாவின் குளிர்காலத்தில் கதவும் யன்னலும் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கின்றன. வீட்டின் வெப்பக் காற்று மேலெழ, கீழிருந்து மண்ணின் வாயு உள்ளிழுக்கப்படுகிறது. எனவே மண்ணை ஒட்டிய பேஸ்மென்டிலேயே பெரும்பாலும் ரேடன் மிகுந்திருக்கும்.

கனடாவின் நுரையீரல் புற்றுநோய் மரணங்களில் ஏறத்தாழ 16 வீதம் ரேடனோடு தொடர்புடையவை என்று ஹெல்த் கனடா மதிப்பிடுகிறது. புகைபிடிக்காதோருக்கு இந்நோய் வருவதற்கான முதன்மைக் காரணமும் இதுவே. புகைபிடிப்போருக்கு இரண்டும் சேர்ந்து ஆபத்தைப் பன்மடங்காக்குகின்றன.

நம்மவர் வீடுகளில் பேஸ்மென்டில் வாழ்வோர் யாவர்? புதிதாக வந்த குடும்பம், படிக்க வந்த மாணவர், ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட பெற்றோர். வீட்டுக்காரர் உறவினராகவோ ஊரவராகவோ இருக்கும்போது, “இங்கே ரேடன் சோதித்தீர்களா?” என்று கேட்க வாடகைக்கு இருப்பவர் கூசுகிறார். கேட்கும் சுமையை அவர்மேல் வைப்பது முறையன்று. கீழ்த்தளத்துக்கு வாடகை பெறுபவரே அங்குள்ள காற்றையும் சோதிக்கக் கடமைப்பட்டவர்.

சோதனை கடினமானதன்று. உள்ளங்கையில் அடங்கும் கருவியொன்றை, நாளொன்றுக்கு 4 மணிநேரத்துக்கு மேல் புழங்கும் மிகக் கீழான தளத்தில் வைக்கவேண்டும். சமையலறையும் குளியலறையும் ஏற்றவையல்ல. ரேடனின் அளவு நாளுக்கு நாள் மாறுவதால், குளிர்காலத்தில் குறைந்தது 3 மாதங்கள் வைத்திருந்து, பின்னர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். அயல்வீட்டின் முடிவு நம் வீட்டுக்குப் பொருந்தாது. அடுத்தடுத்த வீடுகளிலேயே அளவு பெரிதும் வேறுபடும்.

2007இல் கனடா வகுத்த வழிகாட்டு அளவு, ஒரு கனமீற்றர் காற்றுக்கு 200 பெக்கரல். அதைக் கடந்தால் 2 ஆண்டுகளுக்குள்ளும், 600ஐக் கடந்தால் ஓராண்டுக்குள்ளும் வீட்டைச் சீர்செய்ய வேண்டும். தரையைத் துளைத்துக் குழாய் பொருத்தி, அடியிலுள்ள வாயுவை விசிறியால் வெளியேற்றுவதே வழக்கமான முறை. சான்றிதழ் பெற்ற வல்லுநர் இதைச் செய்தால், பெரும்பாலான வீடுகளில் ரேடன் 80 வீதத்துக்கு மேல் குறையும். செலவு சில ஆயிரம் டொலர்கள், சிறிய தொகையன்று. ஆயினும் கூரை ஒழுகினால் நாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

சிகிச்சை பெற்றுவரும் அன்பர்களுக்கு ஒரு சொல். ஒருவரது நோய்க்கு ரேடன்தான் காரணம் என்று உடலைப் பரிசோதித்து உறுதிசெய்ய இயலாது. ஆகவே கடந்ததை எண்ணி உங்களையோ, வீடு தந்தவரையோ நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் உங்களைப் பராமரிப்போரும் பேரப்பிள்ளைகளும் அதே காற்றையே சுவாசிக்கின்றனர். வரும் ஐப்பசியில், யன்னல்களை மூடும்போதே அந்தச் சிறு கருவியையும் வைத்துவிடுங்கள். அடுத்த முறை வரும்போது, எந்தத் தளத்தில் உறங்குகிறீர்கள் என்று நாங்கள் கேட்போம். நாங்கள் மறந்தால் நீங்களே சொல்லுங்கள்.