எட்டு நாப், எட்டு பேட்... டேப்லெட்டில் இசையமைக்க இதெல்லாம் தேவையா?

ஐபேடிலோ ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலோ இசையமைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்த ஒருவர், ஆன்லைன் கடைக்குள் போய் 'மிடி கன்ட்ரோலர்' என்று தேடினால் வரிசையாக வந்து நிற்பவை கிட்டத்தட்ட ஒரே ஜாடையில்தான் இருக்கும். 25 சின்ன கீகள், தட்டுவதற்கு எட்டு பேட், திருகுவதற்கு எட்டு நாப், கலர் கலராக விளக்கு. அகாய் எம்பிகே மினி, ஆர்ட்டூரியா மினிலேப், நோவேஷன் லான்ச்கீ மினி என்று பெயர் மாறும். உருவம் பெரிதாக மாறாது. எதில் வசதிகள் அதிகம் என்று எண்ணிப் பார்த்து, அதையே கார்ட்டில் போட்டுவிடுவார்கள் பலர்.

கம்ப்யூட்டரில் வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரி. டேப்லெட்காரருக்கு இது தப்பான கணக்கு.

காரணம் எளிமையானது. கம்ப்யூட்டரில் ஒரு மவுஸ்தான் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைத் திருக முடியாது. அதனால்தான் கையில் பிடித்துத் திருக நாப்களும் தள்ளுவதற்கு ஃபேடர்களும் கன்ட்ரோலரில் ஏறி உட்கார்ந்தன. டேப்லெட்டிலோ அவை எல்லாம் ஏற்கெனவே திரையிலேயே இருக்கின்றன. பத்து விரலாலும் தொடலாம். கண்ணாடித் திரையால் தர முடியாதது ஒன்றுதான்: விரலுக்கடியில் ஒரு கீ அமுங்குகிற உணர்வு. மெதுவாகத் தொட்டால் மெல்லிய ஒலி, அழுத்தினால் கனத்த ஒலி என்கிற வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது. 2011-ல் ஐபேடுக்கு கராஜ்பேண்ட் வந்தபோதே ஆப்பிள் இதற்கு ஒரு தந்திரம் செய்தது. திரையைத் தட்டும்போது ஏற்படும் அதிர்வை, டேப்லெட்டுக்குள் இருக்கும் அசைவு சென்சார் அளந்து, எவ்வளவு பலமாகத் தட்டினார்கள் என்று ஊகிக்கும். நல்ல தந்திரம்தான். ஆனா நிஜமான கீக்கு அது ஈடாகாது.

ஆகவே கன்ட்ரோலருக்கு ஒதுக்கும் காசு முழுவதும் கீகளுக்கும் அவற்றின் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னச் சக்கரத்துக்கும்தான் போக வேண்டும். நாப்களுக்கு அல்ல.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. விலை கூடின கன்ட்ரோலரில் ஒலி நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். மிடி கன்ட்ரோலருக்குள் ஒலியே கிடையாது. 1983-ல் வெவ்வேறு கம்பெனிகளின் சிந்தசைசர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக உருவான மொழிதான் மிடி. எந்தச் சுரம், எவ்வளவு பலம், எப்போது விட்டார்கள் என்ற செய்தி மட்டும் கம்பி வழியாகப் போகும். பலத்தைக் குறிக்க 1 முதல் 127 வரை ஓர் எண். அவ்வளவுதான். வயலினாக ஒலிப்பதும் வீணையாக ஒலிப்பதும் டேப்லெட்டில் இருக்கும் ஆப்பின் வேலை.

சரி, அந்த எட்டு நாப்களுக்கு வருவோம். ஐபேடில் பெரும்பாலானோர் தொடங்குவது இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்டில்தான். அதில் கன்ட்ரோலரின் கீகள் வேலை செய்யும், பிட்ச் பெண்ட் வேலை செய்யும். ஆனால் நாப் ஒன்றைத் திருகி 'இது எக்கோவின் அளவைக் கூட்டட்டும்' என்று சொல்லித்தருகிற வசதி அதில் இல்லை. எட்டு நாப்பும் சும்மா சுற்றும். ஏயூஎம் போன்ற ஆப்களில் அது முடியும். அதுவரை போகிறவர்கள் குறைவு. எந்த நாப் எந்தச் செய்தியை அனுப்ப வேண்டும் என்று மாற்றி அமைக்கும் எடிட்டர் மென்பொருளும் பல கன்ட்ரோலர்களுக்கு விண்டோஸ், மேக் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 'இலவச மென்பொருள்' கதையும் இதேதான். ஏபிள்டன் லைவ் லைட், அனலாக் லேப், எம்பிசி பீட்ஸ் எல்லாமே கம்ப்யூட்டருக்கானவை. லேப்டாப் இல்லாத ஒருவருக்கு அவற்றின் மதிப்பு பூஜ்யம். விலையை ஒப்பிடும்போது அதைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும்.

பேட்களைப் பொறுத்தவரை ஒரு நியாயமான விதிவிலக்கு இருக்கிறது. ராப், ஹிப் ஹாப் பீட் போடுபவர்கள், விரலாலேயே டிரம்ஸ் வாசிப்பவர்கள் ஆகியோருக்குப் பேட்தான் வாத்தியம். அவர்கள் 25 கீகளுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். கோர்க் நானோபேட் 2, அகாய் எல்பிடி 8 மாதிரி பேட்களுக்காகவே செய்யப்பட்ட சின்னக் கருவிகள் இருக்கின்றன. மெட்டும் போட வேண்டும், பீட்டும் போட வேண்டும் என்பவர், தாளத்தைக் கீகளிலேயே தட்டிக்கொள்ளலாம். பல பாடல்களின் டிரம்ஸ் அப்படிக் கீபோர்டில் வாசிக்கப்பட்டதுதான்.

மெட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது அந்தச் சின்னச் சக்கரத்தை. அதாவது, பிட்ச் பெண்ட். கீபோர்டில் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எதுவும் இல்லை. நம் இசையின் உயிரோ அந்த நடுவில்தான் இருக்கிறது. அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்தைத் தடை செய்து, 1971 வரை தளர்த்தாமல் இருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அதில் கமகம் வராது என்பது. டேப்லெட்டில் ஒரு புல்லாங்குழல் ஒலியை எடுத்து, சக்கரத்தைத் தொடாமல் ஒரு தமிழ்ப் பாட்டின் பல்லவியை வாசித்துப் பார்த்தால், அந்தக் காரணம் இன்றும் காதில் விழும். சுரமெல்லாம் சரியாக இருக்கும், பாட்டு இருக்காது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் கீகளே இல்லாத கான்டினியம் ஃபிங்கர்போர்டு மாதிரி வாத்தியங்கள் வந்தன. 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலின் முடிவில் ஏ.ஆர்.ரஹ்மான் வாசித்திருப்பது அதைத்தான். விரலை இழுத்தால் சுரமும் கூடவே இழுபடும். ஆனால் அவை விலையில் வேறு உலகம். முதல் கன்ட்ரோலர் வாங்குபவரின் கைக்கு எட்டுவது பிட்ச் பெண்ட் மட்டுமே. வலது கை மெட்டை வாசிக்க, இடது கை சுரத்தை வளைக்கும்.

சின்னக் கன்ட்ரோலர்களில் கம்பெனிகள் முதலில் கைவைப்பதும் இந்த இடத்தில்தான். இடத்தை மிச்சம் பிடிக்க, சக்கரத்துக்குப் பதில் சிலவற்றில் ஜாய்ஸ்டிக், சிலவற்றில் தொட்டு இழுக்கும் பட்டை, சிலவற்றில் வெறும் பட்டன். எம்பிகே மினியின் சில மாடல்களில் ஜாய்ஸ்டிக். மினிலேப் 3-ல் தொடு பட்டை. கோர்க் நானோகீ 2-ல் பட்டன். அகாய் எல்பிகே 25-ல் எதுவுமே கிடையாது. விட்டதும் தானாக நடுவுக்குத் திரும்பும் ஸ்பிரிங் சக்கரத்தில்தான் கமகத்துக்குக் கை பழகும். ஜாய்ஸ்டிக் பரவாயில்லை, பக்கவாட்டில் அசைக்கும்போது கை கொஞ்சம் மேலே போனால் வேறு ஏதோ மாறிவிடும் என்பதுதான் தொல்லை. தொடு பட்டையில் விரல் வைத்த இடத்துக்குச் சுரம் தாவும். பட்டன் இதற்கு ஆகவே ஆகாது.

அடுத்தது, கீகளின் எண்ணிக்கை. 25 கீ என்றால் சரியாக இரண்டு ஸ்தாயி. பாட்டுக்கு இது போதும் என்று கடைக்காரர் சொல்வார். கணக்கும் அப்படித்தான் தோன்றும். மந்தர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயிதானே? இங்கேதான் சிக்கல். இந்தக் கன்ட்ரோலர்கள் சி-யில் தொடங்கி சி-யில் முடிகின்றன. பஞ்சமம் சி-யில் விழ வேண்டுமானால் சட்ஜம் எஃப்-ல், அதாவது நாலு கட்டையில் இருக்க வேண்டும். ஒரு கட்டையிலோ ஐந்து கட்டையிலோ பாடுபவருக்கு ஏதாவது ஒரு முனையில் கீ தீர்ந்துவிடும். பாட்டின் நடுவே ஆக்டேவ் பட்டனை அமுக்கி மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாலு கட்டை விரலோட்டத்திலேயே வாசித்து, டிரான்ஸ்போஸ் பட்டனால் தன் சுருதிக்கு நகர்த்திக்கொள்வது ஒரு வழி. 37 கீ வாங்கினால் எந்தச் சுருதிக்கும் இந்தத் தலைவலியே இல்லை. நீளம் ஒரு ஸ்தாயி கூடும், அவ்வளவுதான். பையில் போட முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடாது.

கீயின் அளவும் கவனத்துக்குரியது. பியானோவில் ஒரு ஸ்தாயியின் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர். மினி கீகளில் அது குறைந்துவிடும். சின்ன வயதில் கீபோர்டு கிளாஸ் போனவர்களுக்கு முதல் வாரம் விரல் இடறும். புதிதாகப் பழகுபவருக்கு அந்தப் பிரச்சினை தெரியாது.

வாங்கி வந்த பிறகு அதிகம் பேர் திணறுவது வாசிப்பதில் அல்ல, இணைப்பதில். டேப்லெட்டில் இருப்பது ஒரே ஒரு துளை. 2018 ஐபேட் புரோவிலிருந்து ஹெட்போன் துளையும் போக ஆரம்பித்தது; 2022-ல் வந்த பத்தாம் தலைமுறை சாதாரண ஐபேடிலும் அது இல்லை. அந்த ஒரே யுஎஸ்பி-சி துளையில் கன்ட்ரோலரைச் செருகினால் சார்ஜர் எங்கே, ஹெட்போன் எங்கே? சார்ஜ் ஏற்றிக்கொண்டே வேலை செய்யும், ஹெட்போன் துளையும் உள்ள ஒரு யுஎஸ்பி ஹப் தேவைப்படும். அந்தச் செலவைக் கன்ட்ரோலரின் விலையோடு முதலிலேயே கூட்டிக்கொள்வது நல்லது. பழைய லைட்னிங் துளை ஐபேடுகளில் நிலைமை இன்னும் மோசம். அவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும். விளக்குகள் பளபளக்கும் கன்ட்ரோலரைச் செருகினால், கருவி அதிக மின்சாரம் கேட்கிறது என்று சொல்லி ஐபேட் கையை விரித்துவிடலாம். அடாப்டரிலேயே சார்ஜர் செருகும் வகை கிடைக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும். 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்று குறிப்பிட்ட கருவியா என்பதையும் பார்க்க வேண்டும். தனி டிரைவர் இல்லாமல் செருகியதும் இயங்கும் என்பதே அதன் பொருள். டிரைவர் கேட்கும் கருவியை டேப்லெட்டில் இயக்குவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

ப்ளூடூத்தில் இணைத்தால் துளை மிச்சம்தானே என்றால், அதில் பாதி சரி. கீ அமுக்கிய செய்தியை ப்ளூடூத்தில் அனுப்புவதில் தாமதம் குறைவு. வீட்டில் வாசித்துப் பார்க்கப் போதும். ஒலியை ப்ளூடூத் ஹெட்போனில் கேட்பதுதான் கூடாது. பல ஹெட்போன்களில் தாமதம் விநாடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும். சுமார் 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் தவில்காரரோடு தாளம் சேர்ப்பது போன்றது அது. ஆக, கன்ட்ரோலர் ப்ளூடூத்தில், ஹெட்போன் கம்பியில். அக்கம்பக்கத்தில் எல்லோரும் தூங்கிய பிறகு வாசிக்க உட்காரும் அடுக்குமாடிக்காரருக்கு இது மிகவும் பொருந்தும்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், கோர்க் மைக்ரோகீ ஏர் 37 மாதிரி ஒன்று, பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும், பளபளப்பான போட்டியாளர்களைவிட டேப்லெட்டுக்குப் பொருத்தமானது. 37 கீ, நிஜமான சக்கரம், ப்ளூடூத், இரண்டு பேட்டரியில் ஓடும். பேட் கிடையாது, எட்டு நாப் கிடையாது. அதே வரிசையில் 25 கீ உள்ளதை எடுத்தால் சக்கரம் போய் ஜாய்ஸ்டிக் வந்துவிடும். அடுத்த வருடம் லேப்டாப் வாங்கி ஏபிள்டனுக்குப் போகப் போகிறேன் என்று உறுதியாக இருப்பவருக்கு மட்டும் மினிலேப் வகை நியாயமான தேர்வு.

ஆண்ட்ராய்டில் ஒரு சங்கதி கூடுதல். திரையைத் தொட்டதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலான தாமதம் டேப்லெட்டுக்கு டேப்லெட் மாறும். கன்ட்ரோலருக்குச் செலவழிக்கும் முன், எஃப்எல் ஸ்டுடியோ மொபைல் அல்லது கியூபேசிஸ் போன்ற ஆப்பில் திரையிலுள்ள கீயை வேகமாகத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கேயே ஒலி பின்தங்கினால், எந்தக் கன்ட்ரோலர் வந்தாலும் சரியாகாது.

கடைக்கு நேரில் போக முடிந்தால் டேப்லெட், அடாப்டர், கம்பி ஹெட்போன் மூன்றையும் எடுத்துப் போக வேண்டும். ஒரு கீயை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக அமுக்கிப் பார்த்து மூன்றும் வேறுவேறாகக் கேட்கிறதா என்று கவனிக்கலாம். பிறகு சக்கரத்தை மெல்ல ஆட்டியபடி தெரிந்த பாட்டில் ஒரு வரி. ஆன்லைனில் வாங்குபவர்கள் ரிட்டர்ன் விதியைப் படித்துவிட்டு, பெட்டி வந்த அன்றே இதைச் செய்துவிட வேண்டும். ப்ளூடூத் கன்ட்ரோலர் ஐபேடில் தெரியவில்லை என்று பதறி உடனே திருப்பி அனுப்ப வேண்டாம். அது ஐபேட் செட்டிங்ஸில் இணைவதில்லை, கராஜ்பேண்டுக்குள் போய் அங்கிருக்கும் 'ப்ளூடூத் மிடி டிவைசஸ்' பகுதியில்தான் இணைக்க வேண்டும்.