தாத்தா எழுதின ஓலை!

திருவெண்ணெய்நல்லூர்க்காரங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். சுந்தரர் கல்யாணத்தில் ஒரு கிழவர் வந்து, 'உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இருக்கு, நீ எனக்கு அடிமை' என்று மல்லுக்கு நிற்பார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு வரும். 'ஓலை செல்லும்' என்று தீர்ப்பாகும்!

நாமும் இப்போ பேரப்பிள்ளைகள் பெயரில் ஓலை எழுதிக்கிட்டு இருக்கோம். அதை அளக்க 1990-களில் கனடாவில் வில்லியம் ரீஸும் மாத்திஸ் வாக்கர்நாகலும் உருவாக்கிய கணக்குதான் 'சூழலியல் காலடித் தடம்'. நாம் சாப்பிட, உடுத்த, நாம் விடும் கார்பன் புகையை உறிஞ்ச எவ்வளவு நிலம் வேணும் என்று பார்ப்பது. பூமி ஒரு வருஷத்துக்குத் தருவதை 2025-ல் ஜூலை 24-க்குள்ளேயே உலகம் தீர்த்துடுச்சு என்கிறது இந்தக் கணக்கு. மீதி மாசமெல்லாம் கடன்!

'அமெரிக்காக்காரன் தடம் நம்மைவிடப் பல மடங்கு பெருசாச்சே?' நிஜம்தான் பாஸ். ஆனா, நம்ம நாட்டு நிலம் தாங்குவதைவிட நம்ம தடமும் பெருசு!

உலகத்தின் தடத்தில் பாதிக்கு மேல் கார்பன் புகைதான். அதனால் முதல் வேலை அங்கேதான். விழுப்புரம் காலேஜுக்கு ஆளுக்கொரு பைக் எதுக்கு? ஒரே டவுன் பஸ்ஸில் ஐம்பது பேர் போகலாமே! ஆளில்லாத ஹாஸ்டல் ரூமில் ஃபேன் யாருக்காகச் சுத்துது? மெஸ்ஸில் கொட்டுற சோறும் ஒரு வயல்தான்.

சுந்தரரிடம் ஓலையோடு வந்தவர் சிவபெருமான். அதனால் கதை சுபம். நம்ம பேரன்கிட்ட வரப்போறது வறட்சியும் வெள்ளமும். கையெழுத்துப் போடும்முன் யோசிங்க!