சட்ட உதவி சிறைக்கதவைத் தாண்டட்டும்

சிறை என்றதும் ‘குற்றவாளிகள்’ என்ற சொல்தான் நம் மனதில் முதலில் எழுகிறது. ஆனால், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நால்வரில் மூவர் தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்கள்.

இவர்களுள் சிலர் வழக்கின் கடுமையால் உள்ளே இருக்கிறார்கள். வேறு பலரை உள்ளே வைத்திருப்பது வறுமை. வசதி உள்ளவர் கைதான அன்றே வழக்குரைஞரை அழைக்கிறார். கூலி வேலை செய்பவரின் மனைவியோ எந்த நீதிமன்றம், என்ன வழக்கு என்று விசாரிப்பதற்கே அன்றைய கூலியை இழக்கிறார்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1976ல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 39அ பிரிவு, இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. பீகார் சிறைகளில், தண்டனை பெற்றிருந்தால்கூட அனுபவித்திருக்க வேண்டிய காலத்தைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே பலர் கிடந்ததை, 1979ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வெளிக்கொணர்ந்தது. ஏழைக்கு வழக்குரைஞர் கிடைப்பது அவரது அடிப்படை உரிமை என்றது உச்ச நீதிமன்றம். 1986ல் சுக் தாஸ் வழக்கில், அந்த உரிமையைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிவிக்காமலே வழங்கப்பட்ட தண்டனையை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. 1987ல் இயற்றப்பட்டு 1995ல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி, காவலில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெறலாம்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479வது பிரிவு, முன்பு தண்டனை பெறாதவர், அக்குற்றத்துக்குரிய அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணைக்கு வழிசெய்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

அப்படியானால் குறை எங்கே? பெயரளவில் ஒரு வழக்குரைஞர் நியமிக்கப்படுகிறார்; கைதியோ அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பிணை கிடைக்கிறது; பிணைதாரர் கிடைப்பதில்லை. பிணை ஆணை வந்து ஏழு நாள்களுக்குள் ஒருவர் வெளிவராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட வேண்டியிருந்ததே இக்குறைக்குச் சான்று.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபை அருள்பணியாளர் ஸ்டான் சுவாமி அவர்களை நாம் மறக்க இயலாது. ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாய் வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றத்தை நாடியவர் அவர். 2020 அக்டோபரில் கைதான அவர், 2021 ஜூலை 5ஆம் தேதி, 84வது வயதில், தாமும் ஒரு விசாரணைக் கைதியாகவே மும்பை மருத்துவமனையில் இறந்தார். நாடறிந்த வழக்குரைஞர்கள் வாதாடிய ஒருவருக்கே இந்நிலை என்றால், யாருமற்றவரின் நிலை என்ன?

சிறையில் இருப்போரைத் தேடிச் செல்வதைத் தம்மையே தேடி வருவதாக ஆண்டவர் ஏற்றுக்கொள்கிறார் (மத் 25). கிறிஸ்மஸ் கேக்குடன் சிறைக்குச் செல்லும் நாம், அதோடு நிறைவடைந்துவிடுகிறோமா? நம் பங்கில் ஒரு குடும்பத்தில் யாரேனும் கைதானால், வீண்பேச்சை விடுத்து, 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அக்குடும்பத்துக்குச் சொல்வோம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அந்தத் தாயுடன் நடந்து செல்வோம். நம் பங்கின் வழக்குரைஞர்கள் மாதம் ஒரு வழக்கையேனும் ஏற்கலாம். நன்கு அறிந்தவருக்குப் பிணை நிற்க, வசதியுள்ளோர் துணியலாம்.

குற்றம் செய்தாரா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அங்கே அவர் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.