வீடு பார்க்கும் முன் இரண்டு பேரைக் கேளுங்கள்



"குடும்பம் மொத்தமும் ஒரு தடவை சேரணும் டீச்சர். ரெண்டு நாளைக்குத் தனி வீடு வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம். ஏலகிரியில எது நல்லா இருக்கும்?" இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இப்படிக் கேட்டுவிட்டீர்கள். ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்ட மாதிரி இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் படம் பார்ப்பதற்கு முன் உங்கள் குடும்பத்தில் இரண்டு பேரைக் கேளுங்கள். ஒருவர், முழங்கால் வலி அதிகமாக இருப்பவர். மற்றவர், கையில் காசு குறைவாக இருப்பவர். இவர்கள் இருவருக்கும் ஒத்துவரும் வீடு எல்லாருக்கும் ஒத்துவரும். நான் இதைத் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

விரிஞ்சிபுரத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டைச் சிலர் பார்த்திருப்பீர்கள். கார்த்திகைக் கடை ஞாயிறு வந்தால் அந்த வீட்டில் முப்பது பேருக்குக் குறையாது. பிள்ளை வரம் வேண்டி சிம்ம குளத்தில் நடுராத்திரி முழுக்குப் போட வரும் பெண்களால் ஊரே நிரம்பி வழியும். எங்கள் வீட்டில் ஆண்களுக்குத் திண்ணை, பெண்களுக்குக் கூடம், பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம். அப்பா போனபின் பாகம் பிரித்தோம், வீட்டை விற்றோம். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்தது கல்யாணத்திலும் சாவிலும்தான்.

அந்த வருத்தத்தில் 2022 மே மாதம் நானே முன்னின்று ஏலகிரியில் ஒரு வீடு எடுத்தேன். படத்தில் நீச்சல் குளம், கண்ணாடிச் சுவர், எதிரே மலை. உடனே அட்வான்ஸ் கட்டிவிட்டேன். 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய்ப் பார்த்தால் படுக்கையறைகள் எல்லாம் மாடியில். கீழே காவலாளிக்குக் கட்டிய மாதிரி ஒரே ஒரு சின்ன அறை. அப்போது 79 வயதான என் பெரியக்காவுக்கு அதைத்தான் கொடுக்க முடிந்தது. கழிவறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

சாயங்காலம் எல்லாரும் மொட்டை மாடியில் இருந்தோம். பாட்டு, அந்தாக்ஷரி, ஒரே கும்மாளம். ஒன்பது மணிக்கு மாத்திரை கொடுக்கக் கீழே இறங்கினேன். அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"சாப்டியாக்கா?"

"யாரோ தட்டுல கொண்டாந்து வச்சிட்டுப் போனாங்க. மேல நீங்க சிரிக்கிறதக் கேட்டுகினே சாப்ட்டேன். நல்லா இருந்துது."

குறை சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது தப்பு அங்கே இருந்தபோது எனக்குத் தெரியவே இல்லை. வாடகை 45,000 ரூபாய். ஐந்து குடும்பம், ஆளுக்கு 9,000 என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பணம் கொடுத்தவர்கள் பெயருக்கு நேரே டிக் அடித்தேன். வருகைப் பதிவேடு எழுதிய கை அல்லவா! ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் தம்பி மட்டும், "லீவு கெடைக்கலக்கா" என்று வராமல் இருந்துவிட்டான். இரண்டு நாள்கூட அக்காமார்களுக்காக ஒதுக்க முடியாதா என்று எனக்குக் கோபம். ஆறு மாதம் கழித்துத் தம்பி மனைவிதான் சொன்னாள். அந்த மாதம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததாம். "டிக் இல்லாத பேரு நம்ம பேரு மட்டும்தான்னு ராத்திரியெல்லாம் போனையே பார்த்துகினு இருந்தாரு அண்ணி."

சமமாகப் பிரிப்பது நியாயம் என்று நினைத்திருந்தேன். சம்பளம் சமமாக இல்லாத வீட்டில் அது நியாயம் இல்லை. இத்தனை வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை என் வீட்டில் மறந்துவிட்டேன்.

ஒருமுறை செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளைப் பார்க்கப் போயிருந்தோம். மணமான ஒவ்வொரு மகனும் அங்கே ஒரு புள்ளி. வளவைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை உண்டு. ஆனால் அந்த அறைகள் சின்னவை. சடங்கு, சாப்பாடு, பேச்சு எல்லாம் வெளியே வளவில்தான். நாம் வீடு எடுக்கும்போது தலைகீழாகச் செய்கிறோம். "எத்தனை பெட்ரூம்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். தரைத்தளத்தில் எல்லாரும் ஒன்றாக உட்காரக் கூடம் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

போன கார்த்திகைக்கு வேலூர் பக்கம் ஒரே தளத்தில் ஒரு வீடு எடுத்தோம். நீச்சல் குளமும் இல்லை, மலையும் இல்லை. பெரிய கூடம், கைப்பிடி வைத்த வெஸ்டர்ன் டாய்லெட், பின்பக்கம் அடுப்பு மூட்ட இடம். வாடகை பாதிகூட இல்லை. மொய் என்றால் நோட்டில் பெயரோடு ஏற்றுவது நம் ஊர்ப் பழக்கம். இதற்கு நோட்டே வேண்டாம் என்று முடிவு செய்தோம். கூடத்தில் ஒரு செம்பை வைத்து, முடிந்ததைப் போடுங்கள் என்றோம். குறைந்தால் போடுவதற்கு ஓய்வூதியம் வாங்கும் நான் இருக்கிறேன். தம்பி ஆம்பூரிலிருந்தே சீரக சம்பா அரிசியோடு வந்து இறங்கினான். பிரியாணியும் கத்திரிக்காய் தொக்கும் அவன் பொறுப்பு. காலையில் அக்காவைக் காரில் ஏற்றி மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப் போய், அந்த மதிலைக் காட்டிவிட்டு வந்தோம்.

"வருஷத்துக்கு ஒரு தடவை வர்றோம், குளமும் மலையும் வேண்டாமா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மறுநாள் அவர்கள் ஏலகிரிக்குப் போகட்டும், சந்தோஷமாகப் போகட்டும். அது சுற்றுலா. குடும்பம் சேர்வது வேறு. இரண்டையும் ஒரே வீட்டில் முடிக்கப் பார்த்தால் வயதானவர்கள்தான் கீழே தனியாக உட்காருவார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அட்வான்ஸ் கட்டும் முன் யாராவது ஒருவர் நேரில் போங்கள். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும், கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் படிகளை எண்ணுங்கள். மோட்டார் ஓடுகிறதா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். குளம் இருந்தால் பூட்டும் கதவு இருக்கிறதா பாருங்கள். ராத்திரி நெஞ்சுவலி என்றால் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போடுங்கள். மலை வீடு என்றால் அந்த 14 வளைவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வர முடியாமல் போனால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கறி சமைக்கலாமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். "நீங்க எந்த ஆளுங்க?" என்று வீட்டுக்காரர் இழுத்தால் போனை வைத்துவிடுங்கள். எல்லா வீட்டிலிருந்தும் மருமகளும் மருமகனும் வந்திருக்கும் குடும்பங்கள் நம்முடையவை. அவர்களில் ஒருவர் தலைகுனிந்து நுழைய வேண்டிய வீடு, இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அன்று ராத்திரி அக்கா கூடத்தின் நடுவில் பாய்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் சின்ன வயதுக் குறும்புகளை ஒவ்வொன்றாகப் பேரப்பிள்ளைகளிடம் போட்டுக்கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு, "போய்ப் படுக்கா" என்றேன். "நீ போய்ப் படு. இவங்க சிரிச்சி முடிக்கட்டும்" என்றார்.

நீங்கள் பார்த்த வீட்டில் உங்கள் பாட்டி எங்கே உட்காருவார்? அதை மட்டும் எனக்கு எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்